சாவு வீட்டுக்கு மைக் கிடையாது

விளக்குக் கம்பத்தில் சாத்திய ஏணியின் உச்சிப்படியில் நின்று, வாயில் குறடைக் கவ்விக்கொண்டு, அவள் ஹாரன் ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கீழே, திறந்த கதவுக்கு உள்ளே, கூடத்தின் நடுவில் குளிர்பெட்டிக்குள் அப்பா கிடந்தார். பெட்டியின் மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. எர்த் சரியில்லை என்று அவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

"தங்கச்சி, என்ன பண்றே? கீழ இறங்கு முதல்ல!" நகராட்சித் தலைவரின் உதவியாளன் ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து கத்தினான்.

அவள் குறடைக் கையில் எடுத்தாள். "ஏணியை ஆட்டாதீங்க. இந்த வீட்டுக்கு இன்னிக்கு ஒரு சாவு போதும்."

வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் யாரோ சிரித்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ஊருக்கெல்லாம் அப்பா பெயர் ஹலோ. நாற்பது வருடமாக எந்த மேடையிலும் முதலில் பேசுவது அவர்தான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்." அதற்குப் பிறகு யார் என்ன பேசினாலும் அது அவருக்குப் பிறகுதான். கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். இருபது வயதில் அவளும் குறடைக் கையில் எடுத்த பிறகு அவள் சின்ன ஹலோ ஆனாள். நேற்று மதியம் ஷெட்டில் உட்கார்ந்து, கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாக வயரைச் சுற்றிக்கொண்டிருந்தவர் பாதிச் சுற்றில் நின்றுவிட்டார். அவ்வளவுதான். ஒரு சத்தம்கூட இல்லை. சத்தத்தையே தொழிலாக வைத்திருந்த மனுஷன்.

இன்று காலை இறப்புச் சான்றுக்காக அவள் டாக்டர் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் இந்த உதவியாளன் வந்து, அழுதுகொண்டிருந்த அம்மாவிடம் ஷெட் சாவியை வாங்கி, அப்பாவின் ஸ்பீக்கர்களையே அப்பாவின் வாசலில் கட்டிவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் குளிர்பெட்டியின் தலைமாட்டில் மைக் ஸ்டாண்டு நிற்கிறது.

"பத்தே நிமிஷம்மா," என்று அவன் அப்போது விளக்கினான். "தலைவர் இரங்கல் சொல்லுவாரு. அப்புறம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்க தெருவுக்காகக் கட்டப்போற குடியிருப்புக்கு உங்கப்பா பேரையே வைக்கிறதா அறிவிப்பாரு. ஹலோ நகர்! டயர் கம்பெனி முதலாளியும் கூடவே வர்றாரு. எவ்வளவு பெரிய மரியாதை, யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துத்தான் பார்த்தாள். மூன்று மாதத்துக்கு முன் ஆட்கள் வந்து தெருவில் எல்லாக் கதவுகளிலும் சிவப்பு பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். இவர்கள் வீடு பதினேழு. டயர் கம்பெனிக்கு கோடவுன் வரப்போகிறது, கன்டெய்னர் லாரி திரும்ப இடம் வேண்டுமாம். தெரு முரண்டுபிடித்தது. வீட்டைக் காலி செய்ய யாரும் கையெழுத்துப் போடவில்லை. இப்போது அப்பாவின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று தலைவர் அறிவித்தால், அழுகிற கூட்டத்தில் எழுந்து மாட்டேன் என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? நாலு பேர் கண்ணீரோடு கை தட்டுவார்கள். போட்டோ எடுப்பார்கள். நாற்பது வீடும் அந்தக் கைதட்டலிலேயே காலியாகிவிடும்.

அப்பாவுக்கு ஒரே ஒரு தொழில் நியதி உண்டு. யார் வந்து கெஞ்சினாலும் சாவு வீட்டுக்கு மைக் கட்டமாட்டார். "அழுகைக்கு எதுக்கு ஆம்ப்ளிஃபயர்?" என்பார்.

இரண்டாவது ஹாரனையும் தோளில் போட்டுக்கொண்டு அவள் இறங்கினாள். மைக் ஸ்டாண்டை ஏறுவதற்கு முன்பே ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள்.

"நீ கழட்டினா என்ன? ஊர்ல வேற செட்டே இல்லையா?" உதவியாளனுக்கு வியர்த்திருந்தது. "ஒரு போன் போட்டா அரை மணியில வரும்."

"போடுங்க."

அவன் போனை எடுத்துக் காதில் வைத்தான். நாற்காலி வரிசையில் ஒரு பாக்கெட்டில் மணி அடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ஊரில் இருக்கிற ஐந்து மைக்செட்காரர்களும் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்த பெரியவர் போனை எடுக்காமலே சொன்னார்: "இங்கதான்யா இருக்கேன், நேராவே கேளு. எங்காளு வீட்டுல நாங்க மைக் கட்டமாட்டோம்."

"தலைவர் கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும். அதையும் மைக் இல்லாமதானே சொல்லணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹாரன்களைத் தரையில் இறக்கி வைத்தாள். நேற்றிலிருந்து அவள் அழவில்லை. அம்மா அதை ஒரு குறையாகவே சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழாமல் இருந்ததற்குக் காரணம் துக்கம் இல்லாமை அல்ல, கோபம். அதிலும் பாதிக் கோபம் பெட்டிக்குள் இருப்பவர் மேல்.

தலைவரின் குரலைச் செய்தது அப்பாதான். பதினைந்து வருடத்துக்கு முன் சந்தைத் திடலில் முதல் கூட்டம் போட்டபோது தலைவருக்கு இருந்தது கதவுக் கீல் மாதிரி ஒரு கீச்சுக் குரல். அப்பா பேஸை ஏற்றினார், ட்ரெபிளை இறக்கினார், துளி எக்கோ கலந்தார். திடலில் சிங்கம் பேசியது. "டயர் கம்பெனி உங்க ரத்தத்தை உறிஞ்சுற அட்டை!" என்று அது கர்ஜித்தபோது அவள் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து புல்லரித்திருக்கிறாள். தலைவர் ஜெயித்தார். நகராட்சி அவர் கைக்கு வந்தது. போன வருடம் கம்பெனியின் புதுக் கட்டடத்தை அதே தலைவரும் அதே முதலாளியும் சேர்ந்து திறந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஆம்ப்ளிஃபயர் நாபை மாத்தவே வேண்டியிருக்கலம்மா. ஒரே செட்டிங் போதுமாயிருக்கு." பிறகு சாப்பிடாமல் கை கழுவிவிட்டார். சிவப்பு நம்பர் போட்ட மறுநாள் தலைவரின் அலுவலகத்துக்குப் போய்க் காலையிலிருந்து சாயந்திரம் வரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். தலைவர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்களாம். "என் மைக்கு இல்லாம என்ன கூட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

பத்தே காலுக்கு இரண்டு கார்கள் தெருமுனையில் நின்றன.

தலைவர் மாலையோடு முன்னால் வந்தார். முதலாளி ஓரடி பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, காலணியில் சேறு படாமல் பார்த்துப் பார்த்து நடந்தார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தலைவர் வாசலுக்கு வந்து, வழக்கம்போல வலதுகையை நீட்டினார். கையில் மைக் வந்து சேரவில்லை. நீட்டிய கை சற்றுநேரம் அப்படியே இருந்தது. உதவியாளன் காதில் ஏதோ சொன்னான். தலைவரின் முகம் சுருங்கி, உடனே இஸ்திரி போட்டது போல் நிமிர்ந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே," என்று ஆரம்பித்தார்.

கதவுக் கீல்தான்.

"கேக்கலைங்க!" தெருவின் கடைக்கோடியிலிருந்து குரல் வந்தது.

"இந்த மண்ணின் குரலாக ஒலித்த அண்ணன் ஹலோ அவர்கள்..."

"சுத்தமாக் கேக்கல, தலைவரே!" பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். யாரும் திட்டமிடவில்லை. காது கேட்காதவன் பக்கத்தில் வருவதுபோல் வந்தார்கள். மேடை இல்லை, தடுப்புக் கம்பு இல்லை. இரண்டு நிமிடத்தில் தலைவரையும் முதலாளியையும் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் நூறு பேர் நின்றார்கள். தலைவரின் மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. இவ்வளவு பக்கத்தில் அவரை அவளும் பார்த்ததில்லை. வயசாகிவிட்டது அவருக்கு.

இருபது வருடத் தொழிலில் அவளுக்குத் தோன்றாதது அப்போது தோன்றியது. மைக் பேசுகிறவனைப் பெரிதாக்குவது மட்டுமில்லை, கேட்கிறவனைத் தூரத்தில் நிறுத்தி ஊமையாகவும் வைத்திருக்கிறது. இத்தனை வருடம் அவளும் அப்பாவும் அதைத்தான் வயர் வயராக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

"தலைவரே," என்றாள். சாதாரணக் குரலில், டீ குடிக்கிறீங்களா என்று கேட்பதுபோல். "எங்க தெரு போகுதா, இருக்குதா?"

"அதாம்மா, உங்க நல்லதுக்குத்தான், கம்பெனி வளர்ந்தா ஊரு வளரும்..."

"நான் ஊரைக் கேக்கல. தெருவைக் கேட்டேன்."

தலைவர் முதலாளியைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. நூறு தலைகளும் கூடவே திரும்பின. முதலாளி கட்டிய கையை அவிழ்த்தார். இப்படிப்பட்ட கூட்டத்தில் நின்று பழக்கமில்லாத மனிதர்.

"எங்களைச் சொல்லாதீங்கம்மா," என்றார் அவசரமாக. "நாங்க இந்தத் தெருதான் வேணும்னு கேக்கவே இல்ல. ஃபேக்டரிக்குப் பின்னால தரிசா கிடக்குதே, முதல்ல அதைத்தான் கேட்டோம். நகராட்சிதான் அது முடியாது, இதை எடுத்துக்கங்கன்னு காட்டுச்சு."

குளிர்பெட்டி மட்டும் முனகியது.

"பின்னால இருக்குற தரிசா?" தையல்கார அக்கா இடுப்பில் கை வைத்தாள். "அது தலைவரோட மச்சான் நிலமாச்சே!"

"அடேங்கப்பா," என்றது ஒரு குரல். "மச்சான் தரிசு பத்திரம், நம்ம வீடு பத்திரம் இல்லியா!"

சாவு வீடு சிரித்தது. வாய்விட்டு, வயிறு குலுங்க. கூடத்துக்குள் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

தலைவர் முதலாளி பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "இதை இங்க வந்து சொல்லணுமா நீங்க?" கிசுகிசுப்பாகத்தான் சொன்னார். ஆனால் மைக் இல்லாத இடத்தில் கிசுகிசுப்பும் எல்லோருக்கும் கேட்டது.

"நீங்கதானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் முதலாளி. "அட்டைன்னு திட்டு வாங்கறதும் நாங்க, உங்க மச்சானுக்காகக் கெட்ட பேரு வாங்கறதும் நாங்களா? எங்களுக்கு இந்த இடம் வேண்டாங்க. வேண்டவே வேண்டாம்."

அந்த இடத்தில்தான் தலைவர் மறுபடி தலைவரானார். கூட்டத்தின் நாடி அவருக்குத் தெரியும், அதை மட்டும் குறை சொல்ல முடியாது. முதலாளி ஒன்று கொடுத்தால் தான் இரண்டு கொடுக்க வேண்டும். கையை உயர்த்தினார். "அவர் யாரு வேண்டாம்னு சொல்ல? நான் சொல்றேன்! இந்தத் தெருவுல ஒரு செங்கல்லைக்கூட எவனும் தொடமுடியாது!" குரல் உச்சியில் உடைந்தது. எக்கோ இல்லை.

கைதட்டலுக்காக அவர் நிறுத்தினார். யாரும் தட்டவில்லை.

"எழுதிக் குடுங்க," என்றாள் அவள்.

ஷெட்டிலிருந்து மைக்செட் பெரியவர் அப்பாவின் புக்கிங் நோட்டை எடுத்து வந்தார். தேதி, இடம், பேசுபவர் என்று கட்டம் கட்டிய நோட்டு. அவள் கூடத்துக்குள் போய்க் குளிர்பெட்டி மேலேயே அதை விரித்து வைத்தாள். தலைவர் உள்ளே வந்து நின்றபடி எழுதினார். தெரு எடுக்கப்படாது, நம்பர்கள் ரத்து. தேதி போடச் சொன்னாள், போட்டார். முழுக் கையெழுத்து கேட்டாள், அதுவும் போட்டார். முதலாளியிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே பேனாவை வாங்கி, எங்கே தன்னை விட்டுவிடுவார்களோ என்பதுபோல், கீழே தானும் கையெழுத்துப் போட்டார். உள்ளே வெளுத்த முகத்தோடு கண்ணை மூடிக் கிடந்த மனுஷனின் நெஞ்சுக்கு நேர் மேலே இரண்டு கையெழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றன.

கார்கள் போன திசை வேறு வேறு. வந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை.

அப்பாவை எடுத்தபோது தெரு முழுவதும் கூட நடந்தது. யாரோ பழக்கதோஷத்தில் "ஹலோ அண்ணன்..." என்று கோஷம் தொடங்கி, பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். வெறும் காலடிச் சத்தம். ஆனால் யாரும் தலையைத் தொங்கப்போட்டு நடக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, கை வீசி, பாதி ஊர்வலம் போலவும் பாதித் திருவிழா போலவும் நடந்தார்கள். பாடையின் முன்பக்கத்துக் கால்மாட்டைத் தோளில் தாங்கிய அவளுக்கு நடையில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. வெட்கப்பட்டு அதை அடக்கப் பார்த்தாள். பிறகு அடக்காமல் விட்டாள்.

சாயந்திரம் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, பின்தெருவில் சலவைக்கடை வைத்திருக்கும் பெண் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருந்தாள்.

"துக்க வீட்டுல கேக்கறேன்னு தப்பா நினைக்காதே. எங்க தெருவுலயும் நம்பர் போட்டிருக்கானுங்க. ஞாயித்துக்கிழமை தலைவர் வர்றாரு, பேச."

"மைக் வேணுமா அக்கா?"

"அய்யோ, அதில்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ வந்து கட்டாம இருக்கணும்."

வீட்டைப் பார்த்தபடி வரிசையாகப் போட்ட நாற்காலிகள் அப்படியே காலியாகக் கிடந்தன. அவள் ஒன்றை இழுத்தாள். இன்னொன்றை இழுத்து, அதற்கு எதிராக, முழங்கால்கள் முட்டிக்கொள்கிற நெருக்கத்தில் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள்.