வெர்னாக்கின் கடைசிக் கல்யாணம்

ஆள்களைவிட ஆடுகள் அதிகம் என்றாலும் வெர்னாக்குக்கும் ஒரு ஊர்மன்றம் உண்டு, மேயரும் உண்டு. மேயர் ஒதீல் காலையில் ஆடு கறந்து, கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் கையெழுத்துப் போடுவாள். வரும் புத்தாண்டோடு அதற்கும் முடிவு என்று மேலிடத்தில் தீர்மானித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வெர்னாக் மலையடி டவுனோடு சேர்ந்துவிடும். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிச்சம் இருந்தது டிசம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஊர்ப் பெண் எலோதிக்கும் அவள் காதலன் லோயிக்குக்கும் மன்றத்தில் மேயர் நடத்திவைக்கும் கல்யாணம். அதையாவது சொந்த ஊரில் நடத்தியே தீருவேன் என்று ஒதீல் ஒற்றைக்காலில் நின்றாள்.

வெள்ளிக்கிழமை டவுனிலிருந்து போன். மன்றத்துச் சுவரில் விரிசலாம். நாளைக் காலை ஆள் வந்து, மூடும் உத்தரவைக் கதவில் ஒட்டிப் பூட்டிவிடுவானாம். கல்யாணத்தைக் கீழே டவுனில் வைத்துக்கொள்ளலாமாம்.

ஒதீல் அதே மன்றத்தில் மோதிரம் மாற்றிய நாளிலேயே இருந்த விரிசல் அது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உத்தரவு கதவுல ஒட்டினாத்தான செல்லும்?" என்று தச்சன் கஸ்பாரைக் கேட்டாள்.

"ஆமா, நம்ம ஊர்ல என்னிக்கும் அப்படித்தான்."

"கதவே இல்லேன்னா?"

கஸ்பார் அவளையே பார்த்தான். "மேயரம்மா, உங்களுக்கு ஜெயில்தான்!"

"போனா நீயும்தான் வருவ. வா, ஒரு கை பிடி."

மறுநாள் திபோ என்ற அதிகாரி பசையும் பூட்டுமாக வந்து இறங்கினான். வாசலில் வெறும் நிலை. ஒதீல் தோளில் மேயருக்கான மூவண்ணப் பட்டையோடு நின்றாள். பின்னால் ஊரே குளிரில் நடுங்கிக்கொண்டு சிரித்தது.

"மேடம், கதவு எங்க?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு தம்பி."

அவன் பசையோடு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

"ஐயையோ, சுவத்தத் தொடாதீங்க! விழுந்துரும்னு உங்க பேப்பர்லயே போட்டிருக்கே!"

திபோவின் முகம் சிவந்தது. "இது விளையாட்டில்ல. இந்தக் கல்யாணத்த நிறுத்துறேன்."

ஒதீலின் சிரிப்பு போய்விட்டது. "எங்க ஊர எடுத்துக்கிட்டீங்க. மேயர் முத்திரையையும் புதுவருஷத்துக்கு வந்து எடுத்துக்குங்க. இன்னிக்கு இந்தப் பட்டை என் தோள்லதான் இருக்கு." பட்டையை இழுத்து நேராக்கினாள்.

திபோ பசைத் தூரிகையை டப்பாவில் போட்டான். ஒதீல் வெறும் நிலையைக் காட்டினாள்.

"கல்யாணம் நடக்கிறப்ப மன்றத்து வாசல் திறந்திருக்கணும், யாரையும் தடுக்கக் கூடாது. அதுவும் உங்க சட்டந்தான். உள்ள வாங்க தம்பி, தொப்பியக் கழட்டிட்டு நில்லுங்க."

அவன் கழற்றினான். எலோதி சொன்ன 'சம்மதம்' கதவில்லாத வாசல் வழியே வெளியே சதுக்கம் முழுக்கக் கேட்டது.