கடைசிக் கோரிக்கை

குமரகுருவுக்குக் கோபம் வந்தால் பேச்சு அருவி மாதிரி கொட்டும். எழுத மட்டும் வராது. அதனால்தான் தறிக்காரர் உரிமைக் கட்சி தொடங்கியதும் சத்யப்ரியாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரிடம் கூலிக்கு நெய்கிற கதிர்வேலின் மகள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், அதுவும் வரலாற்றில் எம்.ஏ.

கட்சியின் துண்டறிக்கையை அவள் ஆத்திரத்தோடுதான் எழுதினாள். பட்டு நூல் விலைக்கு வரம்பு வேண்டும். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கிற கடைக்குச் சீல் வைக்க வேண்டும். மழையில் தறி நின்றால் உதவித்தொகை வேண்டும். ஒவ்வொரு வரியும் அப்பாவின் முதுகுவலியிலிருந்து வந்தது.

"எல்லாம் சரிம்மா. சேட்டுங்களப் பத்தி ஒண்ணுமே காணோமே?" என்றார் குமரகுரு.

ஜரிகைக் கடை, சேலைக் கடை வைத்திருக்கும் மார்வாடிக் குடும்பங்களைச் சொன்னார். அவர்களுக்குப் புதுக் கடை உரிமம் தரக்கூடாது, இருப்பதையும் பிடுங்க வேண்டும் என்றார். அவர் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது.

சத்யப்ரியாவுக்குச் சுருக்கென்றது. இதை அவள் படித்திருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் யூத வெறுப்பையே கொடியாகப் பிடித்த கட்சிகள் இருந்தன. அவையும் கைத்தொழிலாளிக்குப் பாதுகாப்புக் கேட்டன, விவசாயிக்கு மலிவான கடன் கேட்டன, பெரிய கடைகளுக்கு வரி கேட்டன. பாதி நியாயம்தான். அந்த நியாயத்தின் முதுகில் ஏறிக்கொண்டு மற்றது வந்தது: யூதனை நாட்டுக்குள் விடாதே, அரசு வேலையில் வைக்காதே, கொடுத்த உரிமையைத் திரும்ப வாங்கு. தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"மாமா, எங்கப்பாவுக்குக் கூலி குடுக்கறது நீங்க. சேட்டு எங்க வந்தாரு இதுல? ஜெர்மனியிலயும் இப்படித்தான்..."

அவர் சிரித்தார். "ஜெர்மனி எங்க கீது, நம்ம பிள்ளையார்பாளையம் எங்க கீது? இந்த வரி இல்லன்னா கூட்டத்துக்கு நாலு பேரு வரமாட்டான்மா. ஆளு சேந்தாதான் உன் கோரிக்கையெல்லாம் நிக்கும்."

அங்கேதான் விழுந்தாள். ஒரு வரிதானே, மற்றதெல்லாம் நடக்கட்டும் என்று நினைத்தாள். அசிங்கமாக இருந்ததை அவளே திருத்தினாள்: 'இம்மண்ணைப் பூர்வீகமாகக் கொண்டோர்க்கே வணிக உரிமை.' படிக்க எவ்வளவு கௌரவமாக இருந்தது! நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

துண்டறிக்கை தெருவெல்லாம் போன அதே வாரம் கதிர்வேலுக்குப் பாவு நீட்ட வேண்டி வந்தது. சேலையின் நீள இழைகளைத் தறியில் ஏற்றுமுன், காலை வெயிலில் தெரு நெடுக இழுத்துப் பிடித்து, அறுந்ததை முடிந்து சரிசெய்கிற வேலை. அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. தெருவில் இருப்பவர்கள் வந்து பிடிப்பார்கள். ஜரிகைக் கடை சேட்டும் வருவார். அவர் பிறந்து வளர்ந்ததே இந்தத் தெருவில்தான். அவர் மகள் ஜீவிதாவும் சத்யப்ரியாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

அன்றும் சேட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, இழைகளை இழுத்து நிறுத்துகிற பாவுக் கோலைப் பிடித்தார்.

"நீ வுட்டுடு சேட்டு. இனிமே நாங்களே பாத்துக்கறோம்" என்றான் எதிர்வீட்டு சிவராஜ்.

"இன்னாடா சிவா, நான் தளர்த்தியா புடிச்சுக்கினு இருக்கேனா?"

"அதுக்கில்ல. நோட்டீஸ் படிக்கலியா நீ?"

யாரோ சிரித்தார்கள். கதிர்வேல் மகளைப் பார்த்தார். எழுதியது நான்தான், எழுதியது தப்பு என்று அவள் கத்தியிருக்கலாம். அறுந்த இழையைத் தேடுவதுபோல் பாவைப் பார்த்தாள். இழை தளராமல் பதமாகக் கோலை சிவராஜ் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு சேட்டு நடந்தார்.

ஜீவிதா கிட்டே வந்தாள். "குமரகுரு மாமா பேச்சாடி இது? ஸ்கூல்ல எனக்குக் கட்டுரை எழுதிக் குடுத்தவ கை எனக்குத் தெரியாதா?"

"ஜீவி, மத்த கோரிக்கையெல்லாம் பாரு..."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்குது. எங்கப்பாவே படிச்சுட்டு, சரியாத்தான் கேட்டிருக்காங்கன்னு சொன்னாரு. கடைசி வரிக்கு வர்ற வரைக்கும்."

திரும்பிப் போய்விட்டாள்.

சத்யப்ரியாவின் கையில் பாவின் மறுமுனை. விட்டுவிட்டு ஓடினால் அத்தனை இழையும் சிக்கிக்கொள்ளும், அப்பாவின் பிழைப்பு மண்ணாகும். ஆனாலும் விட்டிருக்க வேண்டும்.

"தளருதும்மா, இழுத்துப் புடி" என்றார் கதிர்வேல்.

இழுத்துப் பிடித்தாள்.