தகப்பன் வேஷம்

"மேடையேறணும்னு யாரும் கட்டாயப்படுத்தலக்கா, கூப்பிட்டா மட்டும்..."

"கூப்பிட்டா ஏறணும். இதுக்குப் பேரு கட்டாயம் இல்லாம என்ன?"

"அன்புக்கா."

"உன் பையன் வீட்டுல கால நீட்டித் தூங்குறான். உனக்கு அன்பு ஊறும்."

தங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். சிறை வாசலில் பெண் காவலர் அக்காளின் பையைத் துழாவி நூல் வெட்டும் கத்தரியை எடுத்து வைத்துக்கொண்டார். அக்காள் தையல்காரி, கத்தரி இல்லாத பை அவளிடம் கிடையாது.

அவளுடைய ஒரே மகனை ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்த்த மெக்கானிக் ஸ்பானரால் அடித்துக் கொன்றான். எந்த வண்டியை யார் முதலில் எடுப்பது என்ற சண்டை. கோர்ட்டில் அவன் வாயே திறக்கவில்லை, வக்கீல்தான் பேசினார். இப்போது அதே மெக்கானிக் சிறையில் மாதக்கணக்கில் பழகி வேதக்கதை நாடகம் போடுகிறானாம். ஓடிப்போன மகன் திரும்பி வர, தகப்பன் கட்டிக்கொள்ளும் கதை.

நாடகத்தை நடத்துபவர் தங்கை போகும் சபையின் போதகர். வீட்டுக்கே வந்து பேசினார். முடிவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயே மேடையேறி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டால் சிறை அதிகாரி மனம் இளகுவார், பையன் சீக்கிரம் வெளியே வருவான், தாய்க்கும் மனபாரத்திலிருந்து விடுதலை என்றார். டீ குடித்து முடிக்கும்வரை செத்தவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தையல்காரி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆனாலும் கிளம்பி வந்தாள். கோர்ட்டில் திறக்காத வாய் இங்கேயாவது தன்னிடம் திறக்காதா என்று அவளுக்கு இருந்தது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளைச் சேர்த்து மேடை கட்டியிருந்தார்கள். சபைப் பெண்கள் முன்வரிசையில் கைக்குட்டையை மடித்துத் தயாராக வைத்திருந்தார்கள், அழுகைக்கு நேரம் குறித்து வந்தவர்களைப் போல.

திரை விலகியது. ஓடிப்போன மகனாக வந்தவன் ஒரு சைக்கிள் திருடன். பஞ்சுத் தாடியும் படுக்கை விரிப்பில் தைத்த அங்கியுமாய்த் தகப்பனாக நின்றவன் மெக்கானிக். அங்கியின் ஓரம் மடித்து அடிக்காமல் நூல் தொங்கியது.

"இவனா தகப்பன்?" என்றாள் தையல்காரி.

தங்கை காதருகே விளக்கினாள். அது போதகரின் முறையாம். பெரிய குற்றம் செய்தவனுக்கு மன்னிக்கிறவன் வேஷம்தான் தருவாராம். மன்னித்து மன்னித்துப் பழகினால் கல்லும் கரையுமாம்.

மெக்கானிக் நன்றாகவே பழகியிருந்தான். சைக்கிள் திருடன் காலில் விழுந்ததும் தூக்கி நிறுத்தி, செத்துப்போன பிள்ளை உயிரோடு திரும்பிவிட்டான் என்று கூடம் அதிரச் சொன்னான். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. கண்ணீர் வர வேண்டிய இடத்தில் வந்தது. யாரை வைத்துக்கொண்டு யாரை இந்த வசனம் பேசவைக்கிறோம் என்று போதகருக்குத் தோன்றவே இல்லை. அவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். கைக்குட்டைகள் எழுந்தன. தங்கையும் அழுதாள்.

பிறகு போதகர் மைக்கைப் பிடித்து, நம் நடுவே ஒரு தாய் இருக்கிறாள் என்று ஆரம்பித்தார். எல்லாத் தலைகளும் திரும்பின. சிறை அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கை முழங்கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். தையல்காரி அந்தக் கையை எடுத்துவிட்டுத் தானாக எழுந்து மேடையேறினாள்.

மெக்கானிக் அவளைப் பார்த்தான். தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, உதடுகள் அசைந்தன. அவள் காத்திருந்தாள். தனக்குத் தெரிந்த ஒரே வசனத்தை அவன் எடுத்தான். பழகிய கைகள் தாமாக விரிந்தன.

"வாம்மா. பழசையெல்லாம் நான் மறந்துட்டேன்."

கூடம் கைதட்டியது. போதகரும் தட்டினார். தையல்காரி கைதட்டல் அடங்கும்வரை நின்றாள், பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"இத்தன மாசமா மன்னிக்கிறதுக்கே ஒத்திகை பாத்திருக்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்குறதுக்கு எப்போ ஒத்திகை?"