நட்சத்திரத்தின் பழைய முகவரி

சனிக்கிழமை காலை, கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் டீச்சரின் தலையில் கல் விழுந்தது. கல்லைப் போட்டவள் ஒரு காலத்தில் அவளிடமே படித்துவிட்டு இன்று வேறொரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருக்கும் சுருட்டை. தலைமுடியைப் பார்த்து வைத்த பெயர். நாற்பத்தைந்து வயதாகி முடி பாதி கொட்டியும் பெயர் போகவில்லை. மின்னஞ்சலை ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். கெட்ட செய்தியை மரியாதையாகச் சொல்கிறவர்களைக் கண்டாலே டீச்சருக்கு ஆகாது. மூன்று பத்தி சுற்றி வளைத்து அவள் சொன்ன விஷயம் ஒன்றுதான்: தம்பி இல்லை.

தம்பி என்பது ஒரு கோள். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் டீச்சரும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து கண்டுபிடித்தது. டீச்சர் என்று ஊரே கூப்பிட்டாலும் அவள் வானாய்வகத்தில் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கி வாய் கிழியப் பேசியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போதும் ஞாயிறு காலையில் கோளரங்கத்தில் அவள் பேச்சு உண்டு. வீட்டுக்காரர் அதே ஆய்வகத்தில் கணினிப் பிரிவில் இருந்தார். டாக்டர் பட்டம் கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் அவரை மிஷின்காரர் என்பார்கள், முகத்துக்கு நேராகவே. அவர் சிரித்துக்கொள்வார். ஆனால் என் புரோகிராமில் ஒரு தப்பு காட்டுங்கள், பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் ஒருத்தரும் பந்தயத்துக்கு வரமாட்டார்கள். மீசை கடைசிவரை முழுசாகத்தான் இருந்தது. அவர் போய் இரண்டு வருஷமாகிறது.

தம்பியைக் கண்ணால் யாரும் பார்த்ததில்லை. ஒரு நட்சத்திரம் சில மணிக்கொரு முறை பளிச்சென்று ஏறி மங்கும், அசல் கடிகாரம் மாதிரி. அந்தக் கடிகாரம் சில நொடி முந்தியும் சில நொடி பிந்தியும் ஓடுவதை நான்கு வருஷம் அளந்து, பக்கத்தில் ஏதோ ஒன்று அதை இழுத்து ஆட்டுகிறது என்று இவர்கள் சொன்னார்கள். அந்த ஏதோ ஒன்று ஒரு சுற்று சுற்றி வர முந்நூற்று அறுபத்தெட்டு நாள். நம் வருஷமேதான், கூட மூன்று நாள். பத்திரிகைகள் சும்மா விடுமா? பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் போட்டி நடந்து, பூமிக்குத் தம்பி பிறந்துவிட்டான் என்றாகிவிட்டது. உண்மையில் பூமியைவிடப் பல ஆயிரம் மடங்கு கனமான தம்பி. தம்பிமார் அண்ணனைத் தாண்டி வளர்வது புதிதா என்ன என்று டீச்சர் மேடையில் சொல்வாள், பிள்ளைகள் கொல்லென்று சிரிப்பார்கள். மளிகைக்கடைக்காரர்கூட வீட்டுக்காரரிடம் தம்பி சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் சாமான் கட்டுவார். வீட்டுக்காரர் பெயர் அச்சில் வந்த ஒரே ஆராய்ச்சிக் கட்டுரை தம்பியைப் பற்றியதுதான்.

சுருட்டை இப்போது பெரிய தொலைநோக்கியில் பார்த்திருக்கிறாள். நட்சத்திரம் ஒரு நொடிகூடப் பிசகாமல் துடிக்கிறதாம். எங்கே தப்பு என்று தேட, போன மாதம் டீச்சரிடம் பழைய புரோகிராம்களைக் கேட்டிருந்தாள். டீச்சர் வீட்டுக்காரர் கணினியில் இருந்த கோப்புகளை மொத்தமாக அள்ளி அனுப்பியிருந்தாள், ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல். தப்பு அதில்தான் கிடைத்ததாம். வெளியிடப்போகும் கட்டுரையின் நகலையும் சுருட்டை இணைத்திருந்தாள். அதில் ஒரு வரி: பிழை, மறைந்த இரண்டாம் ஆசிரியர் நேரத் திருத்தப் புரோகிராமில் இட்ட முகவரியால் நேர்ந்தது.

முகவரி என்றால் நட்சத்திரம் வானத்தில் இருக்கும் இடம். பூமியும் சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பதால் நட்சத்திர வெளிச்சம் நம்மிடம் சில காலம் சீக்கிரமும் சில காலம் தாமதமாகவும் வந்து சேரும். நம் ஓட்டத்தைக் கணக்குப் பண்ணிக் கழிக்க, நட்சத்திரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். பூமியின் அச்சு மெல்லத் தள்ளாடுவதால் எல்லா நட்சத்திரத்துக்கும் முகவரி மாறிக்கொண்டே போகும். அதனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்து முகவரி, இரண்டாயிரமாம் வருஷத்து முகவரி என்று தனித்தனிப் பட்டியல் உண்டு. புரோகிராமுக்கு வேண்டியது இரண்டாயிரத்து முகவரி. உள்ளே கிடந்தது ஐம்பதாம் வருஷத்தது. அப்படியானால் நம் ஓட்டம் முழுசாகக் கழியாது, மிச்சம் நிற்கும். அந்த மிச்சம் வருஷத்துக்கு ஒரு முறை ஏறி இறங்கும். இருபத்துநாலு வருஷமாக ஊரெல்லாம் கொண்டாடிய தம்பி, நம் பூமியே ஓடிய ஓட்டத்தின் மிச்சம்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி போனதுகூட இரண்டாம்பட்சம். அந்த முகவரியை யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவர் அந்தப் புரோகிராமை எழுதிய அன்று அவள் ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அறையிலிருந்து பேசினாள். வெளியே மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் முகவரி கேட்டுத் தொலைபேசியில் வந்தார். ஆய்வகத்துப் பழைய தொலைநோக்கி ஐம்பதாம் வருஷத்து முகவரியில்தான் ஓடும், நான்கு வருஷம் இரவு தவறாமல் அந்த எண்ணை அடித்து அடித்து அவளுக்கு மனப்பாடம். மனப்பாடமாக ஒப்பித்தாள். எந்த வருஷத்தது என்று அவர் கேட்டார். இரண்டாயிரத்தது, போடுங்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒரு வருஷக் கணக்கு வந்து நின்றபோது அவர் அவளிடம் வந்தார். நம் வருஷமே வருதே, எதற்கும் முகவரியை இன்னொரு தரம் பார்த்துவிடு என்றார். பார்த்தாச்சு என்றாள். கட்டுரையை அச்சிடுமுன் பத்திரிகைக்காகச் சரிபார்த்த வெளியாளும் அதையே கேட்டு எழுதியிருந்தார். சரிபார்த்தோம் என்று இவளே பதில் எழுதினாள். பார்க்கவே இல்லை. அந்த மாதத்தில் மட்டும் பதினோரு பள்ளிக்கூடம். நேரமில்லை என்று இப்போது சொன்னால் அது சப்பைக்கட்டுதான், அவளுக்கே அது தெரியும்.

உடனே சுருட்டைக்கு ஃபோன் போட்டாள். அந்த வரியைத் தூக்கு, முகவரி கொடுத்தது நான், அவர் இல்லை என்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"டீச்சர், அந்த ஃபைலை நீங்க திறந்து பாக்கலையா?" என்றாள் சுருட்டை.

"எனக்கு எங்கடி அதெல்லாம் புரியப்போகுது?"

"புரோகிராம் பாக்க வேண்டாம். மேல நாலு வரி சாதாரணமா எழுதியிருக்கார். அதை மட்டும் படிங்க. படிச்சிட்டு அப்புறம் பேசலாம்."

பின்னறையில் அவர் மேசை அப்படியே இருந்தது. கணினி முனகிக்கொண்டு எழுந்திருக்க ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது. கோப்பைத் திறந்தாள். உச்சியில், கணினி கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற குறிப்பாக, அவர் எழுதியிருந்தார்:

"இந்த நட்சத்திரத்தின் முகவரி பழைய பட்டியலில் உள்ளது. நானே எடுத்துப் போட்டது. அவளிடம் கேட்கவில்லை. அவள் இரண்டாயிரத்துப் பட்டியலைத்தான் பார்க்கச் சொன்னாள். சரியான முகவரி போட்டு ஓட்டினால் கோள் இல்லை. பிழை முழுவதும் என்னுடையது."

கீழே தேதி. ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

டீச்சர் இரண்டாம் முறை படித்தாள். மூன்றாம் முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தாள். ஒன்பது வருஷம். அவள் ஓய்வு பெற்ற வருஷம் அது. மக்களிடம் அறிவியலைக் கொண்டுபோனதற்காக அவளுக்குப் பெரிய விருது கொடுத்ததும் அந்த வருஷம்தான். விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினாரே, அப்போது அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கோளரங்கத்தில், தம்பி கதை ஆரம்பிக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்து போவாரே, அப்போதும் தெரியும். வயசாகிவிட்டது, பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை உங்களுக்கு என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் குத்திக் காட்டுவாள். ஆமாம்மா, வயசாயிடுச்சு என்பார். மனுஷன் மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தபோதும் நர்சுகள் தம்பியைப் பற்றிக் கேட்டால், அதெல்லாம் டீச்சரம்மா சொன்னாத்தான் நல்லா இருக்கும் என்று அவள் பக்கம் கையைக் காட்டிவிடுவார். அவர் வாயால் மட்டும் சொல்லவே மாட்டார். பொய் வரவில்லை அவருக்கு. வாழ்க்கையிலேயே ஒரே ஒரு பொய்தான் சொன்னார், அதையும் வாயால் சொல்லாமல் எழுதி வைத்தார்.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மத்தியானம் மறுபடி சுருட்டையைக் கூப்பிட்டாள். அந்தக் குறிப்பு பொய், என்னைக் காப்பாற்ற எழுதியது என்று அடித்துச் சொன்னாள். ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று சுருட்டை தயங்கித் தயங்கிக் கேட்டாள். எங்கே போவது ஆதாரத்துக்கு? தொலைபேசியில் சொன்ன எண். வெளியாளுக்கு எழுதிய பதிலில் சரிபார்த்தோம் என்று பன்மையில் இருக்கிறது, அதில் யார் பார்த்தார் என்று எழுதவில்லை.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க," என்றாள் சுருட்டை. "அவர் மேல பழி விழக்கூடாதுன்னு நீங்க பாக்கறீங்க. எனக்குப் புரியுது. என் வீட்டுக்காரருக்கு இப்படி ஒண்ணுன்னா நானும் இதைத்தான் சொல்வேன். ஆனா அவரே எழுதி வெச்சது இருக்கு. நான் எதை நம்பறது?"

நீ என்னை நம்பு என்று சொல்ல டீச்சருக்கு நாக்கு எழவில்லை. பார்த்தாச்சு என்று ஒரு தரம் சொல்லி ஒருவர் நம்பியதில் வந்த வினைதானே இது.

மகனைக் கூப்பிட்டாள். அவன் தூரத்தில் வேலை பார்க்கிறான், வீட்டில் கணினி பற்றித் தெரிந்தவன். அந்தக் குறிப்பை அழித்துவிடலாமா என்று கேட்டாள். இப்போது கை வைத்தால் இன்றைய தேதி விழும், அதுவும் சுருட்டையிடம் அசல் போய்விட்டது என்றான். அவனும் நம்பவில்லை என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. விடுங்கம்மா, அப்பாவே ஒத்துக்கிட்டாரே, நீங்க ஏன் உங்களைப் போட்டு வருத்திக்கறீங்க என்றான். அப்பா முகவரி மாற்றிப் போடுகிற ஆளாடா என்று அவள் கத்தினாள். மனுஷன்னா தப்பு வராதா என்று அவன் சமாதானம் சொன்னான். பெற்ற பிள்ளையே அப்பாவைத் தப்பு செய்தவராக்கி மன்னித்தும் விட்டான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. கோளரங்கத்தில் உட்கார இடமில்லை. டீச்சர் விளக்கை அணைக்க விடவில்லை. வெளிச்சத்திலேயே எழுந்து நின்று, தம்பி என்று ஒரு கோள் இல்லை, இருபத்துநாலு வருஷமாக உங்களுக்குச் சொன்னது பிழை என்றாள். முகவரி கதையை அந்தப் பள்ளிக்கூடத் தொலைபேசியிலிருந்து தொடங்கி வரிசையாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் இரண்டு தரம் கேட்டார், நான் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்னேன், அவர் என்னை நம்பினார், பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை குறையாமல் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அங்கேதான் காரியம் கெட்டது.

கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. கோளரங்க இயக்குநர் ஓடிவந்து மைக்கை வாங்கி, கணவரின் பிழையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று கண்கலங்கப் பேசினார். சுருட்டை அவருக்கும் முன்கூட்டியே எழுதியிருந்தாள் போலிருக்கிறது. டீச்சர் கையை நீட்டி மைக்கைக் கேட்டாள். அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

வெளியே வரும்போது வாசலில் ஒரு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரனை அழைத்து வந்தவளாம், மாதம் தவறாமல் வருகிறவளாம்.

"போன மனுஷனுக்காக இப்படி நிக்கறீங்களே. உங்க வீட்டுக்காரர் குடுத்து வெச்சவரும்மா" என்றாள்.

நேற்றிலிருந்து எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அந்த அம்மா கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பேரன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கார் கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநாலு வருஷம் அவரோடு எதற்கெடுத்தாலும் சண்டை போட்டிருக்கிறாள், எல்லாவற்றிலும் ஜெயித்திருக்கிறாள், அவர் விட்டுக்கொடுத்துத்தான். இனி அவருக்கென்று அவள் செய்யக் கூடியது ஒன்றுதான் பாக்கியிருந்தது, அவர் கணக்கில் தப்பே வராது என்று ஊருக்குச் சொல்வது. அதற்கும் வழியில்லாமல் நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று பக்கத்து இருக்கையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "யாரைக் கேட்டு எழுதினீங்க?"

பின்னால் நின்ற வண்டிக்காரர் வழி கேட்டு ஹாரன் அடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.