தகரக் கொட்டகையில் யாரும் படுக்கவில்லை

காலையில் கிளமென்ட் பால் வாங்கினான். ஸ்டவ்வைப் பற்றவைத்தான். காப்பி குடித்தான். சவரம் செய்தான். கூடத்தில் விரித்திருந்த பாயைச் சுருட்டினான். மனைவி பாக்கியமேரி காய்ச்சலில் இறந்த அறைக்குள் போகாமல், வாசலில் நின்றே கையை நீட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை எடுத்தான். மூன்று மாதமாக அப்படித்தான். மேலப்புதூர் மாதா கோயில் மணி அடிப்பதற்குள் வீட்டைப் பூட்டிவிட வேண்டும். அதற்கு மேல் உள்ளே இருப்புக்கொள்ளாது. சாயங்காலமும் அதே கதைதான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வரை போவான். இறங்காமல் அதிலேயே திரும்புவான். கண்டக்டர்கள் இப்போது அவனை எதுவும் கேட்பதில்லை.

அவன் தொழிலாளர் துறையில் உதவி ஆய்வாளர். அன்று அரியமங்கலத்தில் சோதனை. வெளி மாநிலத்திலிருந்து ஆள் கூட்டிவரும் கான்ட்ராக்டர் அவர்களுக்குத் தங்க இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வாய்க்காலைத் தூர்வாரிக் கரையில் மரம் நடுகிற அரசாங்க வேலைக்கு ஆந்திராவின் பாலமூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள், கரையிலேயே சாக்கைக் கட்டிக்கொண்டு கிடந்தன. ஐப்பசி வானம் கறுத்து நின்றது. கான்ட்ராக்டர் நல்லதம்பி போட்ட தகரக் கொட்டகைகள் காலி. அவர்களே வர மறுத்தார்கள் என்று கிளமென்ட் எழுதிவிட்டால் நல்லதம்பி தப்பினான். மழையில் நனையப்போவது அவர்கள்.

"நான் என்ன சார் வஞ்சனையா பண்ணேன்? அத்தனையும் புதுத் தகரம். உள்ள ஒரு கிழவன் செத்துட்டான். அன்னையிலேருந்து ஒருத்தரும் படுக்க மாட்டேங்கிறாங்க. சாவு விழுந்த எடம்னா அவங்க வழக்கமே அப்படித்தான்." நல்லதம்பி குரலை இறக்கினான். "உங்களுக்குத் தெரியாததா சார்?"

கிளமென்டுக்குத் தெரியும். பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தான்.

மண்கூடையோடு போன ஒருத்தி நின்றாள். சாயம்மா. அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசத் தெரிந்தவள்.

"வழக்கம்னு யாரு சொன்னது? இவரா?"

"நீ போம்மா, வேலையைப் பாரு" என்றான் நல்லதம்பி.

"செத்தது எங்க மாமன், சாரு. சாவு விழுந்த எடத்துல படுக்கக் கூடாதுன்னா நாங்க ஆகாசத்துலதான் படுக்கணும்." பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். "ராத்திரி பாம்புக்குப் பயந்து கதவைச் சாத்தணும். நீயும் உள்ள போய்ச் சாத்திக்க. கொஞ்சம் நில்லு. அப்புறம் எழுது."

"சட்டை அழுக்காயிடும் சார், வேணாம்" என்றான் நல்லதம்பி.

கிளமென்ட் உள்ளே போய்த் தகரக் கதவைச் சாத்தினான். இருட்டு. ஜன்னல் என்று ஒன்று வைக்கவே இல்லை. இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை. அந்தப் புழுக்கம் அவனுக்குப் பழக்கமானது. திறக்க ஏதாவது இருக்கிறதா என்று கை சுவரைத் தடவியது. வெறும் தகரம். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பங்களா எப்படி சாரு?" என்றாள் சாயம்மா.

அவன் எழுதியதை அடித்தான். "ஜன்னல் வெட்டுங்க. எல்லாத்துலயும்."

"நாளைக்கு ஆள் விட்டு…"

"மழை இன்னைக்கு வருது. நான் நிக்கிறேன்."

பட்டறையிலிருந்து தகரம் வெட்டும் பிச்சமுத்து வந்தார். சுவரில் மூன்று பக்கம் வெட்டி மேல்பக்கத்தை விட்டுவைத்தார். தகரத்தை மடக்கித் தூக்கினால் அதுவே சாரலுக்கு மறைப்பு. அவர் முடிக்கும்வரை கிளமென்ட் உட்காரவில்லை. கரையில் மேலும் கீழும் நடந்தான். முதல் தூறலில் ஜனம் சாக்கையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. சாயம்மா ஜன்னல் வழியே கையை நீட்டி மழையைப் பார்த்தாள்.

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ் வந்தது. அவன் ஏறவில்லை.

வீட்டில் நேராக அந்த அறைக்குள் போனான். காய்ச்சலுக்குக் காற்று ஆகாதென்று அவன் அத்தை அன்று போட்ட ஜன்னல் தாழ்ப்பாள் இறுகிக் கிடந்தது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினான். திறந்துகொண்டது.

பாக்கியமேரி "சேசு மரி சூசை" என்று செபம் சொல்லிக் கண்ணை மூடினாள் என்றுதான் அத்தை எல்லோரிடமும் சொல்லிவந்தாள். பக்கத்தில் இருந்தது அவன். அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"ஏங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன். வேர்க்குது."