கன்னத்தில் பூசும் எண்ணெய்

புட்டி நிறையத் தண்ணீர். மேலே ஒரு நகக்கண் அளவு எண்ணெய். ஃபனூசா அதைத் தலைமைப் பொறியாளர் இல்சூரின் மேசையில் நங்கென்று வைத்தாள்.

"இதென்னக்கா, மீன் வளர்க்கவா?" என்றான் இல்சூர்.

"நாப்பத்தேழாம் கிணத்துல எடுத்த சாம்பிள். நூத்துக்குத் தொண்ணூத்தேழு தண்ணி. எல்லாம் நீங்க உள்ளே அமுக்கினதுதான்."

ருஷ்யாவின் அல்மெத்யெவ்ஸ்க் எண்ணெய் வயல்களில் இருபத்திரண்டு வருஷமாகக் கிணறு பார்ப்பவள் அவள். இல்சூர் வந்து எட்டு மாதம். வந்த வாரமே, நாற்பத்தேழிலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளியிருந்த கிணற்றில் செலுத்தும் தண்ணீரின் அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினான். பாறைக்குள் கிடக்கும் எண்ணெயைத் தண்ணீர் நெட்டித் தள்ளுமாம். பொறுமையாகத் தள்ளினால் வரும்தான். முரட்டுத்தனமாக அமுக்கினால் பாறை விரிசல் விடும். தண்ணீர் எண்ணெயை விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் ஓடிவரும். இதெல்லாம் இல்சூருக்கு எதற்கு? அவன் கணினியில்தான் அழகழகான வண்ணப் படங்கள் இருந்தனவே!

"தண்ணியை வடிச்சிட்டு மேலே இருக்கிறதை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்க. வெள்ளிக்கிழமை கசான்லேர்ந்து இயக்குநர் வர்றார். கிழட்டுக் கிணறு குமரியாயிடுச்சுன்னு விழா!"

"பொய் சாம்பிள் அனுப்பி எனக்குப் பழக்கமில்ல, இல்சூர் தாமிரோவிச்."

"அப்ப சனிக்கிழமையிலேர்ந்து துருக்குழாய் கழுவற கொட்டகைக்குப் போய்ப் பழகிக்குங்க."

ஃபனூசா நேரே கிடங்குக்குப் போனாள். அங்கே ஒரு பெட்டி பச்சைச் சாயம். செலுத்துகிற தண்ணீரில் கலந்துவிட்டு, எந்தக் கிணற்றில், எத்தனை நாளில் தலைகாட்டுகிறதென்று பார்ப்பதற்காக நிலவியலாளர் கேட்டு வாங்கியது. சாயத்தைக் கலக்கச் சொல்லும் உத்தரவில், தேயிலை கேட்ட காகிதத்தோடு சேர்த்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தான் இல்சூர். பெட்டி தூசி தின்றுகொண்டிருந்தது.

திங்கள் மதியம் அவள் அந்த உத்தரவை நிறைவேற்றினாள்; தண்ணீர் செலுத்தும் கிணற்றில் சாயத்தைக் கலந்துவிட்டாள். தண்ணீர் ஒழுங்காக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்தால், சாயம் வந்துசேர மாதக்கணக்காகும்.

வியாழன் மாலை நாற்பத்தேழாம் கிணற்றின் குழாயைத் திருகிப் பார்த்தாள். மூடினாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை. கொடி, மேளம், சக்-சக் இனிப்புத் தட்டு. புதிதாக எண்ணெய் கண்டால் கன்னத்தில் பூசிக்கொள்வது அந்த வயலின் வழக்கம். இல்சூர் அதற்கென்றே பக்கத்துக் கிணற்று எண்ணெயை ஒரு டப்பாவில் பிடித்துவைத்திருந்தான். கெட்டிக்காரன்!

இயக்குநர் ஜிகான்ஷின் டப்பாவைத் தள்ளிவிட்டார். துளைப்பணியில் கை காய்த்த பழைய ஆள். "டப்பா எண்ணெயைப் பூசிக்க நான் என்ன கல்யாண மாப்பிள்ளையா? கிணத்திலேர்ந்து வரட்டும்!"

குழாயைத் திறந்தார்.

பளபளவென்று பச்சைத் தண்ணீர்!

மேளம் நின்றது.

"என்னம்மா இது?" என்று பக்கத்தில் நின்ற ஃபனூசாவைக் கேட்டார் இயக்குநர்.

"சாயம்தாங்க. திங்கக்கிழமை அதோ, தண்ணி செலுத்தற கிணத்துல விட்டது. ஒரு சொட்டு எண்ணெயைத் தள்ளாம நேரா ஓடிவந்திருக்கு. உத்தரவு இதோ."

இயக்குநர் காகிதத்தைப் படித்தார். "உன் கையெழுத்துதானேப்பா?"

"நான்... படிக்காம..." என்று இழுத்தான் இல்சூர்.

இயக்குநர் உள்ளங்கை நிறையப் பச்சையை ஏந்தி அவனுடைய இரண்டு கன்னத்திலும் நிதானமாகப் பூசினார். "கிணத்தைக் குமரியாக்கினவனுக்குப் பூசாம விடலாமா?" ஃபனூசா பக்கம் திரும்பினார். "நீ போய் அழுத்தத்தைக் குறைம்மா."

"நாளையிலேர்ந்து எனக்குக் குழாய் கழுவற கொட்டகைன்னாரே?"

இயக்குநர் இல்சூரின் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"அங்கே சோப்பு நிறைய இருக்கும். அவரே போகட்டும்."