பதினேழாம் பக்கத்து ஓட்டை

பல்கலைக்கழக வாசலில் துணைவேந்தரின் படத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். அதைத் தாண்டாமல் கணிதத் துறைக்குப் போக வழியில்லை. குட்டையார் அந்த இடம் வந்ததும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பார். சாதாரண வயிற்றெரிச்சலுக்காவது மாத்திரை உண்டு.

படத்தில் இருந்தவனும் இவரும் ஒரே விடுதி அறையில் கிடந்து, ஒரே ஆய்வு வழிகாட்டியிடம் திட்டு வாங்கியவர்கள். நெட்டை, குட்டை என்றால் விடுதியே சிரிக்கும். நெட்டை முப்பது வயதில் ஒரு தேற்றத்தை நிறுவினான். அதற்கு அவன் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்புறம் துறைத் தலைவர், பதிவாளர், இப்போது துணைவேந்தர். குட்டையார் பேராசிரியராக அதே அறையில், அதே கரும்பலகையோடு இருந்தார். ‘நாற்காலிக்குப் போனவன் மூளை துருப்பிடித்திருக்கும், நான் இன்னும் கணக்குப் போடுகிறவன்.’ இவருக்கு மிஞ்சிய ஒரே ஆறுதல் அதுதான். அதைத் தலைக்கு வைத்துத்தான் தூங்கினார்.

கணிதக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். எழுதச் சோம்பலான இடத்தில் ‘இது தெளிவு’ என்று போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். தெளிவில்லை என்று சொன்னால் மானம் போகுமே என்று படிக்கிறவனும் தலையாட்டிவிடுவான். நெட்டையின் தேற்றத்தில், பதினேழாம் பக்கத்தில், அப்படி ஒரு ‘தெளிவு’ இருந்தது. முடிவில்லாத இரண்டு கூட்டல்களை வரிசை மாற்றிப் போட்டிருந்தான். அப்படி மாற்றினால் சில சமயம் விடையே மாறிவிடும். பாடம் எடுக்கத் தயாரானபோது அது குட்டையார் கண்ணில் பட்டது. மூன்று நாள் உட்கார்ந்து, விடை மாறும் உதாரணம் ஒன்றையும் கண்டுபிடித்துவிட்டார். பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம்.

“அவர்கிட்ட காட்டி என்னங்க ஆகப்போகுது?” என்றாள் மனைவி.

“ஒண்ணும் ஆக வேணாம். அவன் மூஞ்சி சுருங்கறத ஒரு தடவ பாக்கணும்.”

“அவர் தேற்றம் விழுந்தா நீங்க ரெண்டு அங்குலம் வளந்துடுவீங்களா?”

குட்டையார் சட்டையை மாட்டிக்கொண்டார்.

“வாடா குட்டை!” என்று துணைவேந்தர் அறையில் நெட்டை மேஜையைச் சுற்றி ஓடி வந்தான். காப்பி வந்தது. குட்டையார் தாளை நீட்டினார். நெட்டை படித்தான். முகத்தில் ஈயாடவில்லை. குட்டையாருக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது.

உதவியாளர் எட்டிப் பார்த்து, “கட்டடக் குழு காத்திருக்கு சார்” என்றார்.

“இருக்கட்டும்.”

நெட்டை கூட்ட அழைப்பிதழ் ஒன்றைப் புரட்டிப் போட்டான். பென்சிலைக் கடித்தான், விடுதியில் கடித்த மாதிரியே. பிறகு எழுத ஆரம்பித்தான். குட்டையாரின் காப்பியில் ஆடை படிவதற்குள் ஒன்பது வரி எழுதிவிட்டான்.

“சரியாப் பிடிச்சடா! இத்தன வருஷமா ஒருத்தன் கண்ணுலயும் படல. வரிசைய மொத்தமா மாத்த வேணாம். கூட்டல ரெண்டா வெட்டு. முன்பாதி முடியற கூட்டல், அத மாத்திக்கலாம். வாலு ரொம்பச் சின்னது, தொடவே வேணாம். தேற்றம் நிக்குது.”

“நீ... இன்னும் கணக்கு போடறியா?”

“எங்கடா நேரம்? பன்னெண்டு வருஷமாச்சு.” சிரித்தபடி, எழுதிய தாளை இவர் சட்டைப்பையில் செருகினான். “இத உன் பேர்லயே போட்டுடு. எனக்கெதுக்கு இனிமே?”

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து பார்த்தபோது குட்டையார் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாளை விரித்துவைத்திருந்தார்.

“என்னங்க, மூஞ்சி சுருங்கிச்சா?”

“ஒன்பது வரி. ஒவ்வொண்ணையும் மூணு தடவ பாத்துட்டேன்.”

“தப்பு இருக்கா?”

“ஒண்ணாவது இருந்திருக்கக் கூடாதா?” என்றார் குட்டையார்.